புனைவுயிரிகளுக்கான சுட்டுப்பெயர்த் தெரிவு

புனைவுயிரிகளுக்கான சுட்டுப்பெயர்த் தெரிவு என்பது, கதை, திரைப்படம், நிகழ்பட ஆட்டம் முதலியவற்றில் இடம்பெறும் கற்பனை உயிரினங்களைப் பற்றிக் கலைக்களஞ்சியம், அகராதி, கையேடு போன்ற உசாத்துணை நூல்களில் எழுதும்போது, அவற்றை அவன், அவள், அவர், அது என்பவற்றுள் எச்சொல்லால் சுட்டுவது என முடிவு செய்து, அம்முடிவைக் கட்டுரை முழுவதும் மாறாமல் கடைப்பிடிக்கும் நடைமுறையாகும். டிராகன், பூதம், வேற்றுக்கோள் உயிரினம், பேசும் விலங்கு, சிந்திக்கும் இயந்திரம் ஆகிய அனைத்திற்கும் இச்சிக்கல் பொதுவானது. இவ்வரைவிலக்கணத்திலேயே "அவற்றை" என்று எழுத நேர்ந்திருப்பதும், அதுவே ஒரு தெரிவாக அமைந்துவிடுவதும் கவனிக்கத்தக்கது.

தமிழில் இதன் தன்மை

ஆங்கிலத்தில் பால் வேறுபாடு படர்க்கை ஒருமைச் சுட்டுப்பெயர்களில் மட்டுமே வெளிப்படும். எழுதுபவர் பெயர்ச்சொல்லையே திரும்பத் திரும்பப் பயன்படுத்தினால் சிக்கலை ஓரளவு தவிர்த்துவிடலாம். தமிழில் அது எளிதன்று. எழுவாயாக உயிரினத்தின் பெயரையே இட்டாலும், வாக்கியத்தை முடிக்கும் வினைமுற்று வந்தான், வந்தாள், வந்தார், வந்தது என்று திணையையும் பாலையும் காட்டிவிடும். வினையாலணையும் பெயரிலும் (வந்தவன், வந்தது), எண்ணுப்பெயரிலும் (ஒருவன், ஒன்று, மூவர், மூன்று), வினாப்பெயரிலும் (யார், எது) இவ்வேறுபாடு உண்டு. எனவே ஒரு பத்தியில் பத்து வாக்கியங்கள் இருந்தால், எழுதுபவர் ஏறத்தாழப் பத்து முறை தம் முடிவை அறிவிக்கிறார்.

அண்டை மொழிகள் இவ்வகையில் ஒன்றுபோல் இல்லை. மலையாள வினைமுற்றுகள் பால்காட்டும் விகுதிகளை இழந்துவிட்டன. தெலுங்கில் ஒருமை வினைமுற்றில் பெண்பாலும் ஒன்றன்பாலும் ஒரே விகுதியைப் பெறுகின்றன. துருக்கிய மொழியில் அவன், அவள், அது மூன்றிற்கும் ஒரே சொல்தான். ஜப்பானிய மொழியில் எழுவாயைக் கூறாமலே வாக்கியங்களை அமைப்பது இயல்பு. இத்தகைய மொழியொன்றில் எழுதப்பட்ட படைப்பைப் பற்றித் தமிழில் எழுதும்போது, மூல ஆசிரியர் சொல்லாமல் விட்ட ஒன்றைக் கட்டுரையாளர் சொல்லியாக வேண்டிய நிலை ஏற்படுகிறது.

இலக்கண நூல்களின் நிலைப்பாடு

மக்கள் என்று கருதப்படும் பொருளை உயர்திணை எனவும், ஏனைய அனைத்தையும் அஃறிணை எனவும் தொல்காப்பியம் பகுக்கிறது. 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பவணந்தி முனிவரின் நன்னூல், மக்களுடன் தேவரையும் நரகரையும் உயர்திணையில் சேர்க்கிறது. மனிதர் அல்லாத, கண்ணால் காணப்படாத பிறவிகளுக்கும் உயர்திணையில் இடமுண்டு என்பதை இதனால் அறியலாம். தொல்காப்பிய மரபியலில், மக்களே ஆறறிவு உடையவர் என்று கூறியபின், அவ்வகையைச் சேர்ந்த பிறவும் உள்ளன என்று ஒரு வாயில் திறந்து வைக்கப்பட்டுள்ளது. உரையாசிரியர்கள் தேவர், தானவர் முதலியோரை இதனுள் அடக்குவர். அதாவது உருவத்தை விட மன அறிவே இங்கு அளவுகோல். புனைவுயிரிகளைப் பற்றி எழுதுபவருக்கு இதனைவிடப் பயனுள்ள அளவுகோல் வேறு கிடைப்பது அரிது.

ஆயினும் சொல்வழக்கு எப்போதும் இவ்வளவுகோலின்படி நடப்பதில்லை. உயர்திணைப் பொருளைக் குறித்தும் அஃறிணை முடிபு கொள்ளும் சொற்களைத் தொல்காப்பியக் கிளவியாக்கம் பட்டியலிடுகிறது. குழவி, மகவு, அரசு, தெய்வம், ஞாயிறு, திங்கள் ஆகியவற்றுடன் பூதம் என்னும் சொல்லும் அதில் இடம்பெறுகிறது. இன்றும் "குழந்தை அழுதது", "பூதம் வந்தது" என்றே எழுதுகிறோம். ஆகவே "அது" என்று சுட்டப்படுவதாலேயே ஓர் உயிர் இழிவானது என்றோ அறிவற்றது என்றோ பொருளாகாது. சில சொற்கள் அஃறிணை முடிபையே இயல்பாகக் கொண்டவை.

இக்கட்டுரைப் பொருளுக்கு மிக நெருக்கமானது நன்னூல் கூறும் திணை வழுவமைதி ஆகும். மகிழ்ச்சி, உயர்வு, சிறப்பு, சினம், இழிவு ஆகிய காரணங்களால் ஒரு பாலையோ திணையையோ மற்றொன்றாக மாற்றிக் கூறுவதை அந்நூல் பிழையெனக் கொள்ளாமல் ஏற்றுக்கொள்கிறது. தன் பசுவைத் தாய் என்று அழைத்து வினைமுற்றையும் பெண்பாலில் முடிப்பது உரைகளில் காட்டப்படும் பழைய எடுத்துக்காட்டு. சினத்தால் ஒருவனை "இது எங்கே வந்தது" என்று கூறுவது இதன் மறுபக்கம்.

இதிலிருந்து பெறப்படும் முடிவு தெளிவானது. தமிழில் திணைமாற்றம் என்பது உணர்ச்சியின் வெளிப்பாடாகப் புரிந்துகொள்ளப்படுகிறது. கதை சொல்பவருக்கு அவ்வுரிமை உண்டு. உசாத்துணைக் கட்டுரை எழுதுபவருக்கு மகிழவோ சினக்கவோ இடமில்லை. முதற்பத்தியில் "அது" என்றும் மூன்றாம் பத்தியில் "அவன்" என்றும் கவனமின்றி எழுதினால், எழுதியவர் எண்ணியிராத ஓர் உணர்ச்சியை வாசகர் அதில் படித்துக்கொள்வார்.

சுட்டுப்பெயரே கதையாகும் இடங்கள்

சில படைப்புகளில் சுட்டுப்பெயர் மாற்றமே கதையின் திருப்புமுனையாக அமைகிறது. பிரான்சு காஃப்கா செருமன் மொழியில் எழுதி 1915இல் வெளியான உருமாற்றம் என்னும் குறுநாவலில், கிரிகோர் சாம்சா என்னும் விற்பனைப் பயணி ஒருநாள் காலையில் பெரும் பூச்சியாக மாறிய நிலையில் கண்விழிக்கிறான். உடல் முழுவதும் மாறிவிட்டபோதும், கதைசொல்லி இறுதிவரை அவனை ஆண்பாலிலேயே சுட்டுகிறார். கதையின் பிற்பகுதியில், அதுவரை அவனுக்கு உணவளித்து வந்த தங்கை கிரெட்டே, இந்த விலங்கின் முன்னால் அண்ணனின் பெயரைச் சொல்ல விரும்பவில்லை என்று கூறி, அதனை ஒழித்துவிட வேண்டும் என்கிறாள். அங்கே அவள் பயன்படுத்துவது செருமன் மொழியின் அலிப்பாற் சுட்டாகும். விலங்கைக் குறிக்கும் அச்செருமன் சொல் இலக்கணப்படி அலிப்பாலைச் சேர்ந்தது என்பதால் அவள் வாக்கியத்தில் பிழை ஏதுமில்லை. ஆனால் அண்ணன் "அது" ஆகிவிடுகிறான். அடுத்த நாள் விடியும் முன் அவன் இறந்துவிடுகிறான். வீட்டு வேலைக்காரியும் இறந்துகிடப்பதை "அது" என்றே அறிவிக்கிறாள்.

இக்கதையின் சுருக்கத்தைத் தமிழில் எழுதுபவர், "பூச்சி" என்னும் சொல்லுக்கு இயைய "அது சுவரில் ஊர்ந்தது" என்று தொடக்கத்திலேயே எழுதிவிட்டால் இலக்கணம் குறைவுபடாது, கதை குறைவுபடும். தங்கை பின்னர் செய்யப்போகும் செயலைக் கட்டுரையாளர் முன்னதாகவே செய்துவிட்டவர் ஆவார்.

மேரி ஷெல்லியின் பிராங்கென்ஸ்டைன் (1818) இதற்கு மாறான போக்கைக் கொண்டது. விக்டர் பிராங்கென்ஸ்டைன் உருவாக்கிய உடல் முதன்முறையாகக் கண்திறந்து மூச்சுவிடும் வாக்கியத்தில் ஆங்கிலத்தின் அஃறிணைச் சுட்டே வருகிறது. சில வரிகளுக்குள் அது ஆண்பாலாக மாறிவிடுகிறது. பொருளாக இருந்தது ஆளாக மாறும் கணம் அது. அவ்வுயிருக்கு நூலில் பெயர் கிடையாது. பேய், இழிபிறவி என்ற வகையிலான வசைச்சொற்களாலேயே விக்டர் அதனைக் குறிக்கிறான். 1931ஆம் ஆண்டுத் திரைப்படத்தின் தொடக்க எழுத்துகளிலும் அவ்வேடத்தில் நடித்தவரின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் கேள்விக்குறி மட்டுமே இடப்பட்டிருந்தது. (நடித்தவர் போரிஸ் கார்லோஃப்.)

ஆனால் அப்பிறவி மொழி கற்கிறது, நூல்களைப் படிக்கிறது, தன் வரலாற்றைத் தானே நீண்ட உரையாகக் கூறுகிறது. பார்வையற்ற முதியவர் ஒருவர், குரலை மட்டும் கேட்டு, மற்றொரு மனிதரிடம் பேசுவது போலவே அதனிடம் பரிவுடன் பேசுகிறார். பார்வையுள்ள மகன் உள்ளே வந்ததும் அடி விழுகிறது. இப்பத்தியில் மேலே "அது" என்றும் "அதனிடம்" என்றும் எழுதப்பட்டுள்ளதைப் படிக்கும் வாசகர், தாம் எவர் பக்கம் நிறுத்தப்படுகிறோம் என்பதை உணரலாம். "அவன் மொழி கற்கிறான், முதியவர் அவனிடம் பரிவுடன் பேசுகிறார்" என்று மாற்றிப் படித்தால் வேறுபாடு விளங்கும். இந்நூலைப் பற்றிய கட்டுரையில், உயிர்பெறும் கணத்திற்கு முன் "அவ்வுடல்" என்றும் அதன்பின் "அவன்" என்றும் எழுதுவதே மூலத்திற்கு நெருக்கமானது.

ஜே. ஆர். ஆர். டோல்கீனின் மோதிரங்களின் தலைவன் தரும் சிக்கல் சற்று வேறுபட்டது. 1954இல் வெளியான முதற் பாகத்தில், பாலத்தின் மீது மந்திரவாதி கண்டால்ஃபை எதிர்த்து நிற்கும் பால்ரோக் என்னும் நெருப்பு அரக்கனைக் கதைசொல்லி "அது" என்று சுட்டுகிறார். அதே ஆண்டு வெளியான இரண்டாம் பாகத்தில், அப்போரை நினைவுகூரும் கண்டால்ஃப் தன் பகைவனை "அவன்" என்கிறார். அச்சத்துடன் தொலைவிலிருந்து நோக்குவோர்க்கு அது ஒரு நிழல். நாட்கணக்கில் அதனுடன் பொருதியவருக்கு அவன் ஓர் எதிரி. டோல்கீனின் மறைவுக்குப்பின் 1977இல் வெளியான சில்மரில்லியன், பால்ரோக்குகளும் கண்டால்ஃபும் மையார் என்னும் ஒரே ஆவி வகுப்பைச் சேர்ந்தோர் எனக் காட்டுகிறது. நன்னூலின் பகுப்பின்படி நோக்கினால் இருவருமே தேவர் வரிசையில் வைக்கத்தக்கவர்கள். கட்டுரை இரு பாகங்களையும் தழுவி எழுதப்படுமாயின், "அவன்" என்பதை எடுத்துக்கொண்டு, முதற் பாகத்தில் கதைசொல்லி அஃறிணையாகச் சுட்டுவதை ஒரு வாக்கியத்தில் குறிப்பிடுவது பொருத்தமானது. இரண்டையும் கலந்து எழுதுவதை மூலத்தைப் பின்பற்றுதல் என்று கூற இயலாது.

பால் அறியப்படாத உயிரினங்கள்

திணை முடிவான பின்னரும் பால் முடிவாகாமல் இருக்கலாம். 1996இல் ஜப்பானில் அறிமுகமான போக்கிமான் ஆட்டங்களின் முதல் தலைமுறையில் 151 இனங்கள் இருந்தன. அவற்றுக்கு ஆண், பெண் என்னும் பாகுபாடு 1999இல் வெளியான இரண்டாம் தலைமுறையிலேயே பொதுக் கூறாக வந்தது. அப்போதும் மேக்னமைட், மியூடூ போன்றவை பாலற்றவையாகவே வைக்கப்பட்டன. ஆங்கிலப் பதிப்பில் இனங்களைப் பற்றிய குறிப்புகள் பொதுவாக அஃறிணையில் அமைகின்றன. ஆனால் தொலைக்காட்சித் தொடரில் மனிதமொழி பேசும் மியாவ்த் ஆண்பாலில் சுட்டப்படுகிறது. இது முரண் போல் தோன்றினும் முரணன்று. இனத்தைப் பற்றிய கூற்று வேறு, பெயரும் குரலும் கொண்ட ஒரு பாத்திரத்தைப் பற்றிய கூற்று வேறு. "மியாவ்த் இனம் இரவில் உலவும்" என்பதும், "தொடரில் வரும் மியாவ்த் தன் கூட்டாளிகளை ஏமாற்றினான்" என்பதும் ஒரே கட்டுரையில் இடம்பெறலாம். எங்கு ஒன்று முடிந்து மற்றொன்று தொடங்குகிறது என்பது வாசகருக்குத் தெரிந்தால் போதும்.

1998ஆம் ஆண்டு அமெரிக்கத் திரைப்படத்தில் காட்சில்லா முட்டையிடுகிறது. அது கலவியின்றி இனப்பெருக்கம் செய்வதாக அறிவியலாளர் விளக்குகிறார். எனினும் பாத்திரங்கள் ஆண்பாற் சுட்டையே பயன்படுத்துகின்றனர். பாத்திரங்களின் வாய்ச்சொல்லைக் கட்டுரையாளர் தம் சொல்லாக ஏற்க வேண்டியதில்லை. பேசாத, தன் எண்ணத்தை வெளிப்படுத்தாத பேருயிர்களுக்குத் தமிழில் "அது" இயல்பாகப் பொருந்துகிறது.

இப்பொருளில் எழுத்தாளர் ஒருவரே தம் தெரிவை மீளாய்வு செய்த நிகழ்வாக அர்சுலா லெ குவினின் தி லெஃப்ட் ஹேண்ட் ஆஃப் டார்க்னெஸ் (1969) புதினத்தைக் கூறலாம். கெத்தன் என்னும் கோளின் மக்கள் பெரும்பாலான நாட்களில் பாலற்றவர்கள். மாதத்தில் சில நாட்கள் மட்டும் ஆணாகவோ பெண்ணாகவோ ஆவர். ஒருவரே சில குழந்தைகளுக்குத் தாயாகவும் வேறு சிலருக்குத் தந்தையாகவும் இருக்கக்கூடும். லெ குவின் அனைவரையும் ஆண்பாலில் சுட்டினார். இதனால் வாசகர் ஆண்களை மட்டுமே கற்பனை செய்வதாகக் குறைகூறப்பட்டது. 1976இல் வெளியான கட்டுரையொன்றில் அவர் தம் தெரிவை நியாயப்படுத்தினார். 1987இல் அதே கட்டுரைக்குக் குறிப்புகள் சேர்த்து, அந்நிலைப்பாட்டிலிருந்து விலகினார். இதற்கிடையில், அதே கோளில் நிகழும் தம் சிறுகதையொன்றை 1975ஆம் ஆண்டுத் தொகுப்பில், அரசன் என்னும் பட்டத்தை அப்படியே வைத்துக்கொண்டு சுட்டுப்பெயர்களை மட்டும் பெண்பாலாக மாற்றி வெளியிட்டார்.

தமிழில் இப்புதினத்தைப் பற்றி எழுதுவோருக்கு "அவர்" என்னும் சொல் ஆயத்தமாக உள்ளது. "அரசர் கருவுற்றார்" என்பதில் இலக்கண உறுத்தல் எதுவுமில்லை. ஆங்கில வாசகர் அவ்விடத்தில் அடையும் திடுக்கீடும் அதனாலேயே தமிழில் குறைந்துவிடுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். மேலும் "அவர்" பாலை மறைக்கும்போதே மரியாதையையும் ஏற்றிவிடுகிறது. கெத்தன் மக்களுக்கு இது பொருந்தும். ஊரைச் சூறையாடும் ஓர் ஓர்க்கை "அவர் வாளை உருவினார்" என்று எழுதினால் நகைப்புக்கு இடமாகும்.

தெரிவு செய்தல்

படைப்பில் கதைசொல்லியின் நடை சீராக இருப்பின் அதனைப் பின்பற்றுவதே முதல் வழி. பாத்திரங்களின் பேச்சு இரண்டாம் நிலைச் சான்றே; ஏனெனில் பாத்திரங்களுக்கு விருப்பு வெறுப்பு உண்டு. கதைக்குள் வரும் அலுவல்முறை வகைப்பாடுகளும் முடிவானவை அல்ல. ஜே. கே. ரௌலிங்கின் ஃபென்டாஸ்டிக் பீஸ்ட்ஸ் (2001) நூலில், மந்திர அமைச்சகம் சட்டத்தைப் புரிந்துகொள்ளும் அறிவுடையோரைத் தனி வகுப்பாகப் பிரிக்கிறது. குதிரையுடல் மனிதர்களான சென்டார்கள், சூனியக் கிழவிகளுடனும் குருதிகுடிப் பேய்களுடனும் ஒரே வகுப்பில் இருக்க விரும்பாமல், விலங்கு என்னும் வகுப்பையே கேட்டுப் பெறுகின்றனர். ஆகவே ஏட்டளவில் அவர்கள் விலங்குகள். அதற்காக ஆரி பாட்டரின் பள்ளியில் பாடம் நடத்தும் ஃபிரென்சேயை "அது பாடம் நடத்தியது" என்று எவரும் எழுதமாட்டார்.

மூலம் எதுவும் கூறாதபோது, பெயர், பேச்சு, தன்னைப் பற்றிய உணர்வு ஆகியவை இருக்கின்றனவா என்று நோக்கலாம். பெயர் மட்டும் போதாது. அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனத்தின் நடைக்கையேடு, பெயருள்ள அல்லது பால் தெரிந்த விலங்குக்கு ஆண்பால், பெண்பாற் சுட்டுகளை அனுமதிக்கிறது. தமிழிலோ பெயரிட்ட கோயில் யானையும் "வந்தது" என்றே எழுதப்படுகிறது. பேச்சும் தனித்து நின்று போதுவதில்லை. பஞ்சதந்திரக் கதைகளில் நரியும் காளையும் அரசியலே பேசினாலும் தமிழில் பெரும்பாலும் அஃறிணையிலேயே முடிகின்றன. நீதிக்கதை விலங்கு ஒரு குணத்தின் முகமூடி என்பதால் வாசகர் அதனை உறுத்தலின்றி ஏற்கின்றனர். இதற்கு மாறாக இராமாயணத்தின் அனுமன், வாலி, சுக்ரீவன் ஆகியோர் உயர்திணையிலேயே வருவர். (இவர்களைப் புனைவுயிரி என்று கொள்வது பலருக்கு உடன்பாடன்று, இங்கு மொழிவழக்கு மட்டுமே சுட்டப்படுகிறது.) பேசுவதோடு தானே முடிவெடுத்து, அம்முடிவுக்குப் பொறுப்பேற்பவராகவும் ஒரு பாத்திரம் படைக்கப்பட்டிருந்தால் உயர்திணை பொருந்தும் எனலாம்.

முடிவெடுக்க இயலாத இடங்களில் சில தொடரமைப்புகள் உதவுகின்றன. "செய்யும்" என்னும் வாய்பாட்டு வினைமுற்று ஆண்பால், பெண்பால், ஒன்றன்பால், பலவின்பால் நான்கிற்கும் பொதுவானது என்று இலக்கணம் கூறுகிறது. "மலைக்குகையில் வாழும், தீ உமிழும்" என்ற அமைப்பு இயல்பு கூறும் வாக்கியங்களுக்கு ஏற்றது. எனினும் தற்கால வாசகர் இதனை அஃறிணையாகவே உணர்வதால் முழு மறைப்பு கிட்டாது. பெயரெச்சம், தொழிற்பெயர், பெயர்ப் பயனிலை ஆகியவற்றையும் கையாளலாம். ஒரு பத்தி முழுவதையும் இவ்வாறு எழுதினால் நடை நொண்டும். அதைவிட ஒரு முடிவை எடுத்துவிடுவது நன்று.

இனப்பெயர்களின் பன்மை

தனிப் பாத்திரத்திற்கு எடுத்த முடிவு இனப்பெயரின் பன்மை ஈற்றிலும் எதிரொலிக்கும். அசுரர், அரக்கர், இயக்கர், நாகர், கந்தருவர் என்று "அர்" ஈறு பெற்றவை மரபில் உயர்திணை. பூதங்கள், பேய்கள் என்பன அஃறிணை முடிபு கொள்பவை. டோல்கீனின் எல்ஃப் இனத்தை "எல்ஃபுகள் வந்தன" என்று எழுதுவதா, "எல்ஃபுகள் வந்தனர்" என்று எழுதுவதா, "எல்ஃபர் வந்தனர்" என்று புதுச்சொல் அமைப்பதா என்பதில் ஒருமித்த வழக்கு இன்னும் ஏற்படவில்லை. "கள்" ஈறு மனிதர்கள், அரசர்கள் எனத் தற்காலத்தில் உயர்திணைக்கும் வருவதால், "எல்ஃபுகள் வந்தனர்" என்பதில் இலக்கணத் தடை இல்லை. புதுச்சொல் தேவைப்படாத வழியும் அதுவே. ஓர்க்குகள் தமக்குள் பேசி, சண்டையிட்டு, கட்டளைக்கு அஞ்சி நடப்போராக அதே நூலில் காட்டப்படுவதால், எல்ஃபுகளுக்கு "வந்தனர்" என்று எழுதும் கட்டுரை ஓர்க்குகளுக்கும் அவ்வாறே எழுத வேண்டும்.